மூன்று விரல் பேச்சு

செத்துப்போன டேவிட்டை உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்து, அரை மணி நேரம் பேசவிட்டு, பிறகு பத்திரமாகத் திருப்பி அனுப்பிவைத்தவன் இந்த உலகத்திலேயே தான் ஒருவன்தான் என்று சென்னீர்குப்பம் டீக்கடையில் சின்னசாமி அறிவித்தபோது, உதயகுமார் டீ ஆற்றுவதை நிறுத்தக்கூட இல்லை.

சின்னசாமியின் வாய் அப்படிப்பட்டது. அவர் பிரஸ் மிஷினை மிதித்தால் அம்பத்தூர் ஸ்டேஷனில் ரயில் தானாக நின்றுவிடும். அவர் வீட்டு முருங்கை மரத்தின் ஒரு கிளை பெங்களூர் ஹைவேயைத் தாண்டிப் போய் நசரத்பேட்டைக்காரர்களுக்குக் காய்த்தது. வெள்ளம் வந்த வருஷம் அவர் எருமை மேல் ஏறிப்போய்ப் பால் பாக்கெட் வாங்கி வந்தார். அந்த எருமை மீதிச் சில்லறையைச் சரிபார்த்தது. இதையெல்லாம் கேட்டுக் கேட்டுப் பழகிய கடை அது.

"டேவிட் அண்ணாத்தே டீல சக்கரை போட்டுக்கினாரா, இல்லியா?" என்றான் உதயகுமார்.

"ரெண்டு ஸ்பூன் போட்டுக்கினான். செத்தப்புறம் இன்னாடா சுகரு."

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர்களில் ஒருவர், சும்மா இருக்கமாட்டாமல், "இத ஞானம்மாகிட்ட சொன்னியா நைனா?" என்று கேட்டார்.

சின்னசாமி கிளாஸைக் கீழே வைத்தார். பாதி டீ அப்படியே இருந்தது. எழுந்து வீட்டுப் பக்கம் நடந்தார். ஓசி டீயைக்கூட மிச்சம் வைக்காத மனுஷன்.

ஞானம்மா என்கிற ஞானகுமாரி டேவிட்டின் மனைவி. ஆவடி சேக்காட்டில் மகள் ஸ்வீட்லினோடு இருக்கிறாள். டேவிட் போய் வருஷம் திரும்பப்போகிறது. அந்த நாளிலிருந்து அவள் சின்னசாமியோடு பேசுவதில்லை.

நண்பர்கள் இருவரும் வேலை பார்த்த இடம் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பிரஸ் ஷாப். அச்சடிக்கிற பிரஸ் இல்லை, தகட்டை அடிக்கிற பிரஸ். தட்டையாக உள்ளே போகிற தகடு ஒரே அடியில் ஸ்கூட்டர் மட்கார்டாக வெளியே வரும். அங்கே எழுந்த சத்தத்தில் பக்கத்தில் இடி விழுந்தாலும் இடிக்குத்தான் அவமானம். காதில் பஞ்சு வைத்தால் பஞ்சுக்குக் காது வலிக்கும். ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்க வழியே இல்லை. அதனால் அங்கே எல்லோரும் கையால் பேசினார்கள்.

உள்ளங்கையை விரித்துக் காட்டினால் நிறுத்து. கட்டைவிரலை வாய்ப்பக்கம் சாய்த்தால் டீ. வயிற்றுக்கு முன்னால் காற்றில் பானை வனைந்தால் ஃபோர்மேன் வருகிறார். இரண்டு கையையும் தட்டித் தூசி உதறினால் ஷிப்டு முடிந்தது, வீட்டுக்குப் போகலாம். இப்படி ஆரம்பித்தது வளர்ந்து வளர்ந்து, சின்னசாமியும் டேவிட்டும் எதிரெதிர் மிஷினில் நின்றுகொண்டு சினிமாக் கதையை இடைவேளை வரைக்கும் கையாலேயே சொல்லிக்கொள்கிற அளவுக்கு வந்துவிட்டது. ஃபோர்மேன் நடுவில் நின்று கத்தும்போது, அவருடைய பரம்பரையையே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கையால் வறுத்தெடுப்பார்கள். தன் பேச்சை உன்னிப்பாகக் கேட்கிறார்கள் என்று அவர் நினைத்துக்கொள்வார்.

ஒன்று மட்டும் கவனிக்க வேண்டியது. வாயைத் திறந்தால் வானத்துக்கும் பூமிக்கும் புளுகுகிற சின்னசாமி கையால் ஒரு பொய் சொன்னது கிடையாது. சொல்ல முடியாது. "கையை எடுத்துவிட்டேன், மிதி" என்று ஒருவன் சைகை காட்டுகிறான். அது பொய்யானால் அடுத்த நொடி அந்தக் கை இருக்காது. அந்த மொழியில் விளையாட்டு உண்டு, வசவு உண்டு, பொய் கிடையாது.

டேவிட்டின் விரல்கள் போனது பொய்யால் அல்ல. மிஷினில் கைக்குப் பாதுகாப்பாக ஒரு கம்பித் தடுப்பு இருக்கும். அதை மாட்டிவைத்துக்கொண்டு வேலை செய்தால் கம்பெனி கேட்கிற எண்ணிக்கை வராது. எல்லோரும் கழற்றிவைத்துத்தான் அடித்தார்கள், ஃபோர்மேன் கண் எதிரிலேயே. வலது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் போன அன்று அதே ஃபோர்மேன் கேட்ட கேள்வி, "தடுப்ப யாரு கழட்டச் சொன்னது?" கம்பெனி டேவிட்டுக்கு ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தது. சாவி கொடுக்கக் கையில் விரல் வேண்டுமே என்று நினைத்தார்களோ என்னவோ, பேட்டரி போட்ட கடிகாரம்.

கட்டு பிரித்துத் திரும்பி வந்த டேவிட் மிஷின் முன்னால் நின்று மீதி மூன்று விரலால் சொன்ன முதல் வாக்கியத்தைச் சின்னசாமி இன்னும் மறக்கவில்லை. "என் ரெண்டு வெரலும் தகட்டோட தகடா போய் எவனோட மட்கார்டிலயோ ஊர் சுத்திக்கினு கீது மச்சான். என்னிக்காவது சிக்னல்ல பாத்தா கை குடுக்கணும்."

அதன்பின் டேவிட்டின் கைப்பேச்சு கொஞ்சம் கொன்னியது. ஐந்து என்று காட்டினால் மூன்று என்று தெரியும். ஃபோர்மேனின் பானையில் ஒரு பக்கம் ஓட்டையாக இருக்கும். ஷாப்பில் அத்தனை பேருக்கும் அந்தக் கொன்னல் அத்துப்படி.

அந்தப் பேச்சில் ஞானகுமாரிக்கும் ஒரு சைகை இருந்தது. அது அவளுக்குத் தெரியாது. தோளிலிருந்து கையை எடுத்து, கன்னத்தை உரசினாற்போல மேலே கொண்டுபோய், தலையைச் சுற்றி இறக்குவது. சர்ச்சில் அவள் முக்காடு போடுகிற மாதிரி. சாப்பாட்டு நேரத்தில் டேவிட்டின் கை முதலில் அங்கேதான் போகும். முக்காடு, பிறகு மூக்கைப் பொத்துவது. இன்றைக்கு அவள் கருவாட்டுக் குழம்பு கொடுத்தனுப்பியிருக்கிறாள் என்று அர்த்தம். வீட்டில் அவன் ஒருநாளும் கையால் பேசியதில்லை. சத்தமே இல்லாத வீட்டில் கை எதற்கு?

போன வருஷம் டேவிட்டின் நெஞ்சில் சளி கட்டி மூச்சு நின்று நின்று வந்தது. ஆஸ்பத்திரியில் வாய்க்குள் குழாய் போட்டுப் படுக்கவைத்திருந்தார்கள். அன்று காலையில் ஞானகுமாரிக்குத் தைரியம் சொல்கிறேன் என்று சின்னசாமி ஒரு கதை சொல்லியிருந்தார். இதே மாதிரி குழாய் போட்ட ஒருவன் மறுநாளே எழுந்து பூந்தமல்லி மேம்பாலத்தில் ஓட்டப்பந்தயம் ஓடினானாம், குழாயோடு. அவள் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை.

மத்தியானம் கதவிலிருந்த கண்ணாடி வழியாகச் சின்னசாமியும் ஞானகுமாரியும் எட்டிப் பார்த்தபோது டேவிட்டின் வலது கை எழும்பியது. தோளிலிருந்து கன்னத்துக்கு, கன்னத்திலிருந்து தலைக்கு. பிறகு இரண்டு கையும் தேடித் தேடி ஒன்றையொன்று தொட்டுத் தூசி உதறின. மறுபடியும் தோள், கன்னம், தலை.

அதற்குள் நர்ஸ் வெளியே வந்துவிட்டாள். "பேஷண்டு டியூபப் புடுங்கப் பாக்கறாரும்மா. கைய கட்டிடலாமா?"

"கட்டிடுங்கம்மா. டியூபு கழண்டா அப்பறம் இன்னா பண்றது" என்றாள் ஞானகுமாரி. பெற்ற பிள்ளைக்குப் போல அவ்வளவு கரிசனமாகச் சொன்னாள்.

"கட்டாத தங்கச்சி" என்றார் சின்னசாமி. "அவன் டியூபப் புடுங்கல. பேசறான். உன்னத்தான் கூப்பிடறான். ஷிப்டு முடிஞ்சுது, ஊட்டுக்குப் போலாம்ன்றான்."

ஞானகுமாரி அவரை மேலும் கீழும் பார்த்தாள். "அண்ணே, காலைல மேம்பாலத்துல ஒருத்தன ஓடவுட்ட. இப்ப இதுவா? இன்னிக்கு ஒரு நாளாவது வாய மூடிக்கினு இரேன்."

நர்ஸ் வெள்ளைத் துணிப் பட்டையால் டேவிட்டின் இரண்டு கையையும் கட்டில் கம்பியோடு கட்டினாள். மெதுவாக, வலிக்காமல்தான் கட்டினாள். சின்னசாமி கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கட்டுக்குள்ளே மூன்று விரல் கொஞ்ச நேரம் அசைந்தது. அது என்ன சொன்னது என்று அவருக்கே புரியவில்லை. மறுநாள் விடியற்காலையில் டேவிட் போய்விட்டான்.

அடக்கத்தன்று சின்னசாமியின் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. அப்புறம் வந்தது, ஆனால் டேவிட்டைப் பற்றி வாயைத் திறந்தாலே டேவிட் எட்டடி உயரமானான், சிங்கத்தோடு மல்லுக்கட்டினான், ஒற்றைக் கையால் லாரியை நிறுத்தினான். கேட்டவர்கள் சிரித்தார்கள். சின்னசாமி வீட்டுக்கு வந்து கவிழ்ந்து படுத்தார். தன் கூட்டாளியைத் தன் வாயே தின்றுகொண்டிருக்கிறது என்று அவருக்குப் பட்டது.

ஒரு சாயங்காலம் மொட்டைமாடியில் துணி எடுக்கப் போனவர், ரப்பர் பேண்டை எடுத்துத் தன் வலது கையின் கடைசி இரண்டு விரலையும் மடக்கிக் கட்டிக்கொண்டார். மூன்று விரலால் ஃபோர்மேனின் பானையை வனைந்தார். பானையில் ஓட்டை விழுந்தது. எதிரில் டேவிட் நின்றிருந்தான்.

அதிலிருந்து தினமும் மாடிதான். டேவிட் சொன்ன வசவு, டேவிட் சொன்ன கதை, மட்கார்டில் ஊர் சுற்றுகிற விரல் என்று ஒவ்வொன்றாகக் கோத்து, இடையில் மிஷின் அடிக்கிற தாளத்துக்குக் காலை மிதித்து, அதை ஒரு ஆட்டம் என்று சொல்வதா பாட்டு என்று சொல்வதா தெரியாத ஒன்றாகச் சின்னசாமி கட்டிக்கொண்டே போனார். பக்கத்து மாடியில் வடாம் காயவைத்த பெண்மணிகள் கை வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். காக்காய்கள் வடாமைத் தொடாமல் வரிசையாக உட்கார்ந்து பார்த்தன என்பது சின்னசாமியின் கூற்று.

அவர் மனைவி கெங்கம்மாள் மடங்கிய விரலைப் பார்த்துவிட்டு வாதம் என்று முடிவுகட்டி, பூண்டு எண்ணெய் காய்ச்சி எடுத்துக்கொண்டு மேலே வந்தாள். ரப்பர் பேண்டைக் கண்டதும் எண்ணெயை அவர் தலையில் கொட்டலாமா என்று யோசித்தாள். கடைசியில் உட்கார்ந்து முழுவதையும் பார்த்தாள். பார்த்து முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"ஆஸ்பத்திரில காட்டினது இதுல வருதா?"

"இல்ல. அத வைக்கல."

"வைக்காத. அவ நம்பாம கீறதாலதான் உசுரோட கீறா. நம்பிட்டா அந்தக் கட்ட அவளே கட்டின மாதிரி ஆயிடும். வாணாம்யா."

"தெரியும்டி."

"அந்த முக்காடு வருதே. கருவாட்டுக்கு முன்னாடி."

அந்தச் சைகையை மாற்றச் சின்னசாமியும் பார்த்துவிட்டார். ஞானகுமாரிக்கு வேறு ஏதாவது வைப்போம் என்று கழுத்தைத் தொட்டுப் பார்த்தார், வளையலைத் தொட்டுப் பார்த்தார். மூன்று விரலும் கட்டையாக நின்றன. டேவிட் சொல்லாத ஒன்றை டேவிட்டின் கை சொல்லாது. அவளை எடுத்துவிட்டு டேவிட்டைப் பேசவைக்கவும் முடியாது. அவன் பேச்சில் பாதி அவள்தான்.

"அவ அன்னிக்கு எங்க கவனிச்சா" என்றார். "ஒரு நொடி வந்து போற கை. தெரியாது."

வருஷ நினைவுக் கூட்டத்துக்கு ஸ்வீட்லின் போன் செய்து கூப்பிட்டாள்.

"வாங்க பெரியப்பா. அம்மாகிட்ட சண்ட போட்டுத்தான் கூப்பிடறேன். ஒரு கண்டிஷன் போட்டாங்க. நீங்க வாயத் தொறக்கக் கூடாதாம்."

"தொறக்க மாட்டேன் கண்ணு. உங்கப்பனத்தான் பேசச் சொல்லப்போறேன்" என்றார் சின்னசாமி. கைப்பேச்சைப் பற்றி அவளுக்கு விளக்கிச் சொன்னார், வழக்கத்துக்கு மாறாக ஒன்றையும் கூட்டாமல்.

சேக்காட்டில் வீட்டு வாசலை அடைத்து ஷாமியானா போட்டிருந்தார்கள். ஒரு பக்கம் பிரியாணி அண்டா தம்மில் இருந்தது. டேவிட்டின் படத்துக்குப் பக்கத்தில் கம்பெனி கொடுத்த கடிகாரம் மாட்டியிருந்தது, இன்னும் ஓடிக்கொண்டு. ஞானகுமாரி முன்வரிசையில் வெள்ளைச் சேலையில், தலையில் முக்காட்டோடு உட்கார்ந்திருந்தாள். சின்னசாமியைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பழைய பிரஸ் ஷாப் ஆட்கள் நாலைந்து பேர் கடைசி வரிசையில் இருந்தார்கள்.

பாஸ்டர் ஜெபித்தார். உறவுக்காரர்கள் ஒவ்வொருவராக மைக்கில் டேவிட் எவ்வளவு நல்லவர் என்று சாட்சி சொன்னார்கள். கேட்டால் வேறு யாரையோ அடக்கம் செய்துவிட்டோமோ என்று சந்தேகம் வரும். பிறகு ஸ்வீட்லின் எழுந்தாள்.

"பெரியப்பா பேசமாட்டாரு. அப்பாவும் அவரும் பிரஸ் ஷாப்ல கையாலதான் பேசிக்குவாங்களாம். வாயால பெரியப்பா இன்னா வேணா சொல்வாரு, உங்களுக்கே தெரியும். கையால பொய் சொன்னா வெரல் போயிடுமாம். அதனால இத நீங்க நம்பலாம்."

சிரிப்பு எழுந்தது. சின்னசாமி முன்னால் வந்து நின்றார். சட்டைப் பையிலிருந்து ரப்பர் பேண்டை எடுத்து இரண்டு விரலையும் மடக்கிக் கட்டிக்கொண்டார். வலது காலால் தரையை ஒரு மிதி மிதித்தார். திரும்ப மிதித்தார். தாளம் பிடித்தது.

ஓட்டைப் பானை முதலில் வந்தது. கடைசி வரிசை குபீரென்று சிரித்தது. முன்வரிசைகளுக்குப் புரியவில்லை, பிறகு மெல்லப் புரிந்தது. ஃபோர்மேன் உருண்டு வந்தார், கத்தினார், போனார். டேவிட் அவர் பரம்பரையை வறுத்தான். பாஸ்டருக்குப் புரியாதது நல்லதாகப் போயிற்று. கடைசி வரிசையில் ஒரு கிழவர் எழுந்து நின்று, தன்னையறியாமல் கையாலேயே எதிர்ப்பேச்சு பேசினார். மூன்று விரல் அவருக்கும் பதில் சொன்னது. தகடு உள்ளே போனது. தடுப்பு இல்லை. சின்னசாமியின் கால் ஓங்கி ஒரு மிதி மிதித்து அப்படியே நின்றது. அண்டாவுக்கு அடியில் விறகு வெடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு மூன்று விரல் மெதுவாக எழுந்து, ஊர் சுற்றுகிற இரண்டு விரலுக்கு டாட்டா காட்டியது. பெண்கள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார்கள்.

சாப்பாட்டு நேரம் வந்தது. சின்னசாமி நிறுத்தியிருக்கலாம். கை நிற்கவில்லை. தோளிலிருந்து எழுந்து, கன்னத்தை உரசி, தலையைச் சுற்றி இறங்கியது. மூக்கைப் பொத்தியது. கருவாட்டைப் புரிந்துகொண்ட மொத்தக் கூட்டமும் சிரித்தது.

ஞானகுமாரி சிரிக்கவில்லை. எழுந்து நின்றாள்.

"அண்ணே. அது இன்னா?"

சிரிப்பு அங்கங்கே அறுந்து நின்றது. வாயைத் திறக்கக் கூடாது என்றவளே கேட்கிறாள். சின்னசாமி ரப்பர் பேண்டைக் கழற்றினார்.

"எது தங்கச்சி?"

"கன்னத்துகிட்ட போச்சே. அது யாரு?"

கடைசி வரிசைக் கிழவர் விவரம் தெரியாமல், "அது நீதான்மா. டேவிட்டு உன்ன அப்படித்தான் சொல்வான். முக்காடு" என்றார்.

ஞானகுமாரியின் கை அவள் தலையிலிருந்த முக்காட்டுக்குப் போய் அங்கேயே நின்றது.

"ஆஸ்பத்திரில இதத்தான காட்டினாரு" என்றாள்.

சின்னசாமி வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு விஷயத்தைச் சின்னதாக்கப் பார்த்தார். "அது வேற தங்கச்சி. ஜொரத்துல கை சும்மா ஆடிச்சு. நான்தான் கத வுட்டேன். என் வாயப் பத்தி உனக்குத் தெரியாதா? மேம்பாலத்துல ஆள ஓடவுட்டவன்தான நான். கண்ணாடி வழியா ஒண்ணும் சரியாவே தெரியல."

"அம்மா, உக்காரும்மா" என்றாள் ஸ்வீட்லின்.

ஞானகுமாரி உட்காரவில்லை. "வாயால சொல்லாத அண்ணே. கையால சொல்லு. அவரு பேசலன்னு கையால சொல்லு."

சின்னசாமி இரண்டு கையையும் பார்த்தார். இல்லை என்பதற்குச் சைகை உண்டு, விரலை அசைத்தால் போதும், குழந்தைக்குக்கூடத் தெரியும். கையைத் தூக்கினார். அது இடுப்புக்கு மேலே வரவில்லை. ரப்பர் பேண்டு அழுத்திய தடம் இரண்டு விரலிலும் சிவந்திருந்தது. கெங்கம்மாள் கூட்டத்துக்கு நடுவிலிருந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கையைத் தொங்கவிட்டுவிட்டார்.

பிரியாணிக்காரர் அண்டாவைத் திறக்கப் போனவர், நிலவரம் தெரிந்து மூடியை மறுபடி வைத்தார்.

"தூசி தட்டினாரே. அது?" என்றாள் ஞானகுமாரி. அவளே பதிலும் சொன்னாள். "ஊட்டுக்குப் போலாம். நீ அப்பவே சொன்ன."

படத்தின் பக்கம் திரும்பினாள். பிறகு கூட்டத்துக்கு முன்னால், சாட்சி சொல்கிறவர்கள் நின்ற இடத்துக்கு வந்து நின்றாள். மைக் இருந்தது, அதை எடுக்கவில்லை.

"இவரு சொன்னது பொய் இல்ல" என்றாள். "அவரு பேசினாரு. என்னக் கூப்பிட்டுக்கினே இருந்தாரு. நான்தான் கையக் கட்டச் சொன்னேன்."